சானல் கரை வழி

“மக்கா, அந்தால இறங்காதீங்க, மழைக்கு வழுக்கும்.”

குமரி மாவட்டத்தில், மாத்தூர் தொட்டிப்பாலம் தாண்டி சானல் (பாசனக் கால்வாய்) கரையோடு நடந்துகொண்டிருந்தோம். ரப்பர் பால் வாளியோடு எதிரே வந்த அம்மா சொன்னது.

எட்டிப் பார்த்தால், பாசி பிடித்த கல்படி, அதில் ஒரு கல் பெயர்ந்து ஆடுகிறது, பிடித்து இறங்க யாரோ ஒரு கமுகுத் தடியைக் குறுக்கே கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார்கள்.

மேப்பில் இது வெறும் கோடு.

பிரிட்டனில் 2020 ஊரடங்கு நேரத்தில் தன்னார்வலர்கள் ஊருக்கு ஊர் நடைவழிகளை ஆயிரக்கணக்கில் வரைந்தார்கள், ‘ஸ்லோ வேஸ்’ என்று பெயர். வரைந்ததோடு விடவில்லை. வேறு ஆட்கள் நடந்து பார்த்து, எங்கே சேறு, எங்கே வேலி என்று எழுதுகிறார்கள். எனக்குப் பிடித்தது இதுதான்.

நம்ம மாவட்டத்துக்கு இது புதுசா என்ன? சிவராத்திரிக்கு முஞ்சிறையிலிருந்து திருநட்டாலம் வரை 12 சிவன் கோயிலுக்கும் ஓடுகிற பக்தர்களின் கால்களுக்கு வழி தெரியும். மற்ற நாட்களில் பிள்ளைகள் பெரிய டாரஸ் லாரியை ஒட்டி ரோட்டோரமாக நடக்கிறார்கள். பயமாக இருக்கிறது.

அதனால்தான் நாங்களும் நடந்து பார்த்த வழிகளைப் பற்றி எழுதி வைக்கிறோம்: நிழல் உண்டா, நாய் உண்டா, ஒரு பெண் தனியாகப் போகலாமா.

அப்புறம், திற்பரப்பிலிருந்து குலசேகரத்துக்கு மெயின் ரோடு தொடாமல் வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மழை விட்டதும் நடந்து பார்க்கலாம்.