28-ஆ, 31-ஆ?

இங்கிலாந்தின் ரெடிங் நகரில் நாங்கள் வாங்கிய வீட்டுக்கு விலை பேசி முடிக்க இரண்டு ஃபோன் கால் போதுமாக இருந்தது. சாவி என்றைக்குக் கைக்கு வரும் என்று பேசி முடிக்க ஆறு வாரம் ஆனது.

ஊரில் வீடு வாங்கியவர்களுக்கு இது விநோதமாக இருக்கும். அங்கே அட்வான்ஸ் கொடுத்து, அக்ரிமென்ட் போட்டு, ஒரு நல்ல நாளில் வாங்குபவரும் விற்பவரும் சார்பதிவாளர் அலுவலக பெஞ்சில் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். இங்கிலாந்தில் ஆளை ஆள் பார்க்காமலே எல்லாம் முடிந்துவிடும். அதற்கு இரண்டு தேதிகள். முதலாவது எக்ஸ்சேஞ்ச்: இரு பக்கத்து சொலிசிட்டர்களும், அதாவது வக்கீல்களும், ஃபோனில் பேசி ஒப்பந்தத்தை உறுதி செய்வார்கள். வழக்கமாகப் பத்து சதவீதம் டெபாசிட். அதன் பிறகு நாம் பின்வாங்கினால் அது போனதுதான். இரண்டாவது கம்ப்ளீஷன்: மீதிப் பணம் போய், சாவி வரும் நாள். எக்ஸ்சேஞ்ச் நடக்கும் வரை ஒப்பந்தத்தில் கம்ப்ளீஷன் தேதிக்கான இடம் காலியாகவே கிடக்கும். அதுவரை யார் என்ன தேதி சொன்னாலும் வெறும் பேச்சுதான்.

எங்களுக்குத் தேதி இவ்வளவு முக்கியமானதற்குக் காரணம் ஸ்டாம்ப் டியூட்டி. முதல் வீடு வாங்குபவர்களுக்கு 4 லட்சத்து 25 ஆயிரம் பவுண்டு வரை வரி இல்லை என்று 2022 செப்டம்பரில் உயர்த்தியிருந்த வரம்பு, 2025 மார்ச் 31-உடன் முடிந்து, மறுபடி 3 லட்சத்துக்கு இறங்கவிருந்தது. எங்கள் வீடு 4 லட்சத்து 10 ஆயிரம். மார்ச் 31-க்குள் கம்ப்ளீஷன் ஆனால் வரி பூஜ்யம். ஏப்ரல் 1 என்றால் 5,500 பவுண்டு. எக்ஸ்சேஞ்ச் எப்போது நடந்தது என்பது இதில் கணக்கில்லை.

எங்களுக்கு விற்ற அம்மாள் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் ஒரு பங்களா வாங்கிக்கொண்டு போகிறார்; இங்கே பங்களா என்றால் மாளிகை இல்லை, மாடியில்லாத வீடு. அவருக்கும் ஏப்ரல் வந்தால் 2,500 பவுண்டு கூடுதல் வரி. ஆக நாங்களும் அவரும் ஒரே கட்சி. அந்த பங்களாவை விற்பவர்கள் அண்ணன் தங்கை இருவர். இறந்துபோன அவர்களுடைய தாயாரின் வீடு அது. வேறு வீடு எதுவும் அவர்கள் வாங்கவில்லை. ஸ்டாம்ப் டியூட்டி வாங்குபவர் தலையில்தான் விழும் என்பதால், மார்ச் 31 அவர்களுக்கு மற்றொரு திங்கட்கிழமை, அவ்வளவுதான்.

ஆனால் அவர்கள் பங்களாவைக் கொடுத்தால்தான் ஆசிரியை அம்மாள் எங்களுக்கு வீட்டைக் காலி செய்ய முடியும். இந்தச் சங்கிலியில் மேலே அவர்கள், நடுவில் அவர், கீழே நாங்கள். பிப்ரவரி முழுக்க மேலிருந்து ஒரே பதில்: “எங்கள் கட்சிக்காரர்கள் ஈஸ்டருக்குப் பிந்தைய தேதியையே விரும்புகிறார்கள்.” ஈஸ்டர் ஏப்ரல் 20. ஏன் என்று எங்கள் சொலிசிட்டர் கேட்பார், அந்த அம்மாளின் சொலிசிட்டர் மேலே கேட்பார், நாலு நாள் கழித்து அதே வரி திரும்பி வரும். சொலிசிட்டர்களைக் குறை சொல்லவில்லை. காரணம் கேட்பது அவர்கள் வேலையே இல்லை என்பது எனக்குப் புரியத்தான் மூன்று வாரம் பிடித்தது.

கடைசியில் வீட்டு ஏஜென்டைக் கூப்பிட்டேன். பங்களாவையும் அதே கிளைதான் விற்றுக்கொண்டிருந்தது. “அவர்களுக்கு என்னதான் பிரச்சினை என்று ஃபோனில் கேட்டுச் சொல்லுங்கள். மெயில் வேண்டாம்” என்றேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. வீடு நிறைய அம்மாவின் சாமான்கள். இரண்டு பேரும் தூரத்து ஊர்களில் இருக்கிறார்கள். சனி, ஞாயிறு வந்து ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். லாரிக்காரனை வரவழைத்து மொத்தமாக அள்ளிப்போட மனசில்லை. இதைப் போய் எந்த சொலிசிட்டர் மெயிலில் எழுதுவார்?

அதன் பிறகு வேலை சுலபமாகிவிட்டது. பிரிக்காத பெட்டிகள் ஏப்ரல் 22 வரை பங்களாவின் கராஜிலேயே இருக்கலாம் என்று ஆசிரியை அம்மாள் ஒப்புக்கொண்டார். வீட்டைக் காலியாக ஒப்படைக்க வேண்டும் என்பதுதான் விதி, அதனால் அவருடைய சொலிசிட்டர் முணுமுணுத்தபடி ஒரு தனி ஷரத்து எழுதிச் சேர்த்தார். பெட்டிகளைக் கட்டி கராஜுக்கு மாற்ற ஆள் கூலி 900 பவுண்டு. நாங்கள் 600, அவர் 300. யாருக்கு எவ்வளவு மிச்சமோ அந்தக் கணக்கில் ஏறக்குறையப் பிரித்துக்கொண்டோம்.

சரி, முடிந்தது என்று நினைத்தால், “அப்படியானால் மார்ச் 31 வைத்துக்கொள்வோம், ஒரு வார இறுதி கூடக் கிடைக்கும்” என்றார்கள் மேலே.

நான் 28-ஐ விடவில்லை. 28 வெள்ளிக்கிழமை. பணம் கீழிருந்து மேலே ஒவ்வொரு சொலிசிட்டராக ஏற வேண்டும். எங்கள் ஒப்பந்தத்தில் கெடு மதியம் 2 மணி. வெள்ளியன்று ஏதாவது சிக்கினால் திங்கட்கிழமை என்று ஒரு நாள் கையில் இருக்கும். திங்கட்கிழமை சிக்கினால் 5,500 பவுண்டு போய்விடும்.

இந்த விஷயத்தில் அண்ணன் தங்கைக்கு மதுரையிலிருந்து ஒரு ஆதரவு ஓட்டு விழுந்தது. என் அம்மா. “28 தேய்பிறைடா, மறுநாள் அமாவாசை. 31-ஏ இருக்கட்டும்.” அப்புறம் காலண்டரை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, “ஏண்டா தம்பி, பங்குனியில போய் யாராவது பால் காய்ச்சுவாங்களா?” என்று இரண்டு தேதிகளையும் சேர்த்து நிராகரித்தார். இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் நடுவில் நின்று நான் கண்டுபிடித்த ஷரத்து இது: சாவி வாங்குவது மார்ச்சில், பால் காய்ச்சுவது சித்திரை ஒன்றாம் தேதி. அம்மா அரை மனதோடு கையெழுத்திட்டார்.

இதற்கு வாடகை வீடும் ஒத்துழைத்தது. எக்ஸ்சேஞ்ச் ஆகும் முன் காலி செய்வதாக நோட்டீஸ் கொடுக்கவே கூடாது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தோம். மார்ச் 14 மதியம் எக்ஸ்சேஞ்ச் ஆனது, 28 என்று எழுதி. மேலே இருந்தவர்கள் எப்படி விட்டுக்கொடுத்தார்கள் என்றால், கூலி ஆட்களுக்கு 26-ஆம் தேதிதான் கிடைத்தது, அதற்கு மேல் அவர்களுக்குத் தள்ளிப்போடக் காரணம் இருக்கவில்லை. அன்று சாயங்காலமே வீட்டுக்காரருக்கு ஒரு மாத நோட்டீஸ் போட்டேன். எங்கள் வாடகை மாதம் 17-ஆம் தேதி முடியும், ஆகவே ஏப்ரல் 17 வரை அந்த வீடு எங்களுடையது. இருபது நாள் வாடகையும் மார்ட்கேஜ் வட்டியும் சேர்ந்து விழுந்தது. வலித்தது, ஆனால் தெரிந்தே வாங்கிய வலி.

28-ஆம் தேதி காலை பதினோரு மணிக்கே ஏஜென்ட் அலுவலகத்துக்கு எதிரே காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொண்டோம். நாட்டில் பாதிப் பேருக்கு அன்றைக்கே கம்ப்ளீஷன் போலிருந்தது; சொலிசிட்டர் அலுவலகத்தில் ஃபோனை யாரும் எடுக்கவில்லை. பன்னிரண்டரைக்கு, “உங்கள் பணம் போய்விட்டது” என்று ஒரு மெயில். ஒன்றே காலுக்கு ஆசிரியை அம்மாளின் சொலிசிட்டருக்கு வந்துவிட்டது. பிறகு ஒன்றுமில்லை. மனைவி கார் கடிகாரத்தின் மேல் தன் கைக்குட்டையைப் போட்டு மூடினாள். 1:50-க்கு ஏஜென்ட் பெண் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து எங்களைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினாள்.

பழுப்பு உறையில் மூன்று சாவிகள். கூடவே ஆசிரியை அம்மாளின் கையெழுத்தில் ஒரு தாள்: எந்தக் குப்பைத்தொட்டியை எந்தக் கிழமை வெளியே வைக்க வேண்டும், பின்கதவைப் பூட்டும்போது கைப்பிடியைக் கொஞ்சம் மேலே தூக்க வேண்டும்.

சித்திரை ஒன்றாம் தேதி, ஏப்ரல் 14, பால் பொங்கியது; அம்மா வீடியோ காலில் கிழக்கு எது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மறு வாரம் 22-ஆம் தேதி வேலையில் இருந்தபோது சட்டென்று அந்தப் பெட்டிகள் நினைவுக்கு வந்தன. எடுத்துவிட்டார்களா, இன்னும் பிரித்துக்கொண்டிருக்கிறார்களா, தெரியவில்லை. அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது.