பனிக்கட்டிக் கணக்கும் மைனஸ் 14.8 டிகிரியும்

அலை, இயக்கம், விசை, வெப்பம் என்று அறிமுக இயற்பியல் கணக்குகளை ஒருவழியாகப் போட்டு முடித்துவிட்டேன். பாடங்கள் பெரிதாகப் படுத்தவில்லை. படுத்தியதெல்லாம் கைடின் கடைசிப் பக்கங்களில் இருந்த விடைப் பட்டியல்தான்.

கணக்கு இதுதான்: 0 டிகிரியில் உள்ள 100 கிராம் பனிக்கட்டியோடு 50 டிகிரி தண்ணீர் 100 கிராம் சேர்க்கிறோம். இறுதி வெப்பநிலை என்ன? விடை, மைனஸ் 14.8 டிகிரி என்று அச்சாகியிருந்தது. 0 டிகிரிப் பொருளும் 50 டிகிரிப் பொருளும் சேர்ந்து எப்படி இரண்டையும்விடக் குளிராகும்? வகுப்பெடுத்தவரிடம் கேட்டேன். "கைடில் இருப்பதையே எழுதிவிடுங்கள், மார்க் அதற்குத்தான்" என்று முடித்துவிட்டார். அந்தப் பதில் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, அந்த எண் எங்கிருந்துதான் வந்தது என்று நானே உட்கார்ந்து பார்த்தேன். பனிக்கட்டி முழுவதும் உருகிவிடும் என்று எடுத்துக்கொண்டு, இழந்த வெப்பமும் ஏற்ற வெப்பமும் சமம் என்று எழுதித் தீர்த்தால் அச்சுப் பிசகாமல் மைனஸ் 14.8 வருகிறது. உருகுமா என்பதை யாரும் சரிபார்க்கவே இல்லை. உள்ளுறை வெப்பம், அதாவது வெப்பநிலை மாறாமல் பனிக்கட்டியை உருக்க மட்டும் தேவைப்படும் வெப்பம், கிராமுக்கு 334 ஜூல், ஆகவே முழுவதும் உருக 33,400 ஜூல் வேண்டும். தண்ணீர் 50-லிருந்து 0 வரை குளிர்ந்தாலும் தருவது 100 × 4.2 × 50, அதாவது 21,000 ஜூல்தான் (ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் தருவது 4.2 ஜூல்). ஆக, ஏறத்தாழ 63 கிராம் உருகும், மீதி பனிக்கட்டியாகவே கிடக்கும். வெப்பநிலை 0 டிகிரி. அந்த 0-வை எழுதி அடிக்கோடு போட்டபோது வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

அதற்கப்புறம் எந்தக் கணக்கிலும் சூத்திரத்தில் எண்ணைப் போடுவதற்கு முன், சொல்லப்படும் சங்கதி உண்மையில் நடக்குமா என்று பார்க்கத் தொடங்கினேன். உராய்வில் இது உடனே கைகொடுத்தது. தரையில் 4 கிலோ கட்டை, உராய்வுக் குணகம் 0.5, அதை 12 நியூட்டன் விசையால் தள்ளுகிறோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்தால் உராய்வு 0.5 × 4 × 10, அதாவது 20 நியூட்டன் என்று பலர் எழுதிவிடுவார்கள். அப்படியானால் கட்டை நம்மை நோக்கியே நகர வேண்டும்! 20 என்பது உச்ச வரம்பு. கட்டை அசையவே இல்லை, ஆகவே உராய்வும் 12 நியூட்டன்தான்.

பிரேக் போடும் கார் கணக்கும் இதே ரகம். மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 20 மீட்டர். வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 5 மீட்டர் குறைகிறது. 6 நொடியில் எவ்வளவு தூரம்? நேராகச் சூத்திரத்தில் போட்டால் 30 மீட்டர் வரும். ஆனால் கார் 4-ஆவது நொடியிலேயே நின்றுவிடுகிறது, அதற்குள் 40 மீட்டர் போயிருக்கும். 30 என்று எழுதினால் பிரேக் போட்ட கார் ரிவர்ஸில் வந்ததாக அர்த்தம். முதலில் நிற்கும் நேரத்தைக் கண்டுபிடியுங்கள். அப்புறம் தூரத்துக்குப் போங்கள்.

சாய்தளம், கப்பி, மேலே எறிந்த கல் எல்லாம் படம் வரைந்து விசைகளைக் குறித்தால் தானாக வந்துவிடும்.

அலையில் வேறு மாதிரித் தொல்லை: வினாவிலேயே தகவல் விட்டுப்போயிருக்கும். ஒலியின் அலைநீளம் கேட்பார்கள், வேகத்தைத் தரமாட்டார்கள். காற்றின் வெப்பநிலை எங்காவது ஒரு மூலையில் இருக்கிறதா என்று தேடுங்கள். 331-உடன் வெப்பநிலையின் 0.6 மடங்கைக் கூட்டினால் வேகம் கிடைத்துவிடும். 25 டிகிரிக்கு நொடிக்கு 346 மீட்டர். ஒலி காற்றிலிருந்து தண்ணீருக்குள் போவதாக வந்தால் அதிர்வெண்ணைத் தொடாதீர்கள். மாறுவது வேகமும் அலைநீளமும்தான்.