வரைபடத்தை மூடுங்கள், படிவம் 20-ஐத் திறங்கள்

2024 ஜூன் 4 அன்று வந்த மக்களவைத் தேர்தல் முடிவைப் பற்றி இன்னும் சென்னையில் டீக்கடை முதல் அடுக்குமாடி வாட்ஸப் குழு வரை ஒரே மாதிரி இரண்டு விளக்கங்கள்தான் ஓடுகின்றன. ஒன்று, ‘வடக்கு வேறு, தெற்கு வேறு, பண்பாடே வேறு.’ மற்றது, ‘பாஜகவினர் அயோத்தியிலேயே தோற்றார்கள், வடக்கும் மாறிவிட்டது.’ இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான்: தொலைக்காட்சியில் காட்டிய வண்ண வரைபடம். அந்தப் படம் யார் எந்தத் தொகுதியை வென்றார் என்பதை மட்டும்தான் சொல்லும். மக்கள் எங்கே பிரிந்து நிற்கிறார்கள் என்று தெரியவேண்டுமானால் வாக்குகளை எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கான காகிதங்கள், முக்கியமாகச் சாவடி வாரியாக வாக்கைச் சொல்லும் படிவம் 20, எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன.

முதலில் அந்த அதிர்ச்சி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பெரும்பாலான எக்சிட் போல்கள் பாஜக கூட்டணிக்கு 350-க்கு மேல் கொடுத்தன, சில 400 வரை போயின. வந்தது பாஜகவுக்கு 240, கூட்டணிக்கு 293. 2019-ல் பாஜக மட்டும் 303. ஆக 63 இடங்கள் போயின. ஆனால் நாடு முழுக்க அதன் வாக்கு எவ்வளவு குறைந்தது? சுமார் 37.4 சதவீதத்திலிருந்து 36.6-க்கு, அதாவது ஒரு சதவீதப் புள்ளிக்கும் குறைவு.

இந்த இரண்டு எண்களும் ஒன்றோடொன்று பொருந்தாதது போலத் தெரிந்தால், அங்கேதான் வேலை ஆரம்பம். தேசிய சராசரிக்குள் இரண்டு எதிரெதிர் ஓட்டங்கள் ஒளிந்திருக்கின்றன. உத்தரப் பிரதேசத்தில் பாஜக ஏறக்குறைய 50 சதவீதத்திலிருந்து 41-க்கு இறங்கியது. இடங்கள் 62-லிருந்து 33 ஆயின. தமிழ்நாட்டில் 3.66-லிருந்து 11.24-க்கு ஏறியது, இடம் பூஜ்யம். ஒரு பக்கம் வெற்றிக் கோட்டுக்குச் சற்று மேலே இருந்த வாக்கு கோட்டுக்குக் கீழே சரிந்தது. மறுபக்கம் கோட்டுக்கு வெகு கீழே இருந்த வாக்கு ஏறியும் கோட்டைத் தொடவில்லை. கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு ‘பெரிதாக மாறவில்லை’ என்று காட்டும். எக்சிட் போல்கள் சறுக்கியதில் பாதி இங்கேதான். வாக்கை ஓரளவு சரியாகப் பிடித்தாலும், அதை இடமாக மாற்றும்போது இரண்டு புள்ளி பிசகினால் ஐம்பது இடம் தவறும்.

‘தெற்கு முழுக்க ஒரே நிறம்’ என்பதையும் இங்கேயே சரிபார்த்துவிடலாம். ஐந்து தென் மாநிலங்களில் பாஜக 2019-ல் வென்றது 29. 2024-லும் 29. கர்நாடகாவில் 25 என்பது 17 ஆனது, தெலங்கானாவில் 4 என்பது 8 ஆனது, ஆந்திராவில் 3, கேரளத்தில் திருச்சூர் 1. விந்தியத்துக்குத் தெற்கே ஒரே மனது என்று பேசுகிறவர்கள் பெங்களூருக்குப் போய் வருபவர்கள்தான், ஆனாலும் பேசுகிறார்கள். நிஜத்தில் தனியாக நிற்பது தமிழ்நாடு. அதற்குக் காரணம் பண்பாடு மட்டுமல்ல, கூட்டணிக் கணக்கும்தான்.

அந்தக் கணக்கைப் பாருங்கள். திமுக கூட்டணி 2019-ல் சுமார் 53 சதவீதம் வாங்கி 38 இடம் வென்றது. 2024-ல் சுமார் 47 சதவீதம். இடம் 39-க்கு 39. ஆறு புள்ளி குறைந்து ஓர் இடம் கூடியது. எதிரில் அதிமுக அணி சுமார் 23, பாஜக அணி சுமார் 18, நாம் தமிழர் 8 என்று வாக்கு மூன்றாகச் சிதறியதுதான் விஷயம். அதிமுக அணியையும் பாஜக அணியையும் கூட்டினாலும் 41 தானே, 47-ஐத் தொடாதே என்று கேட்கலாம். மாநிலக் கூட்டலில் சரி. தொகுதி வாரியாகப் போட்டால் பல இடங்களில் அந்தக் கூட்டல் வென்றவரைத் தாண்டும். விருதுநகரில் காங்கிரஸ் வென்ற வித்தியாசமே 4,379 வாக்குகள்தான். ஆனால் இரண்டு கட்சிகளின் வாக்கு அப்படியே ஒன்று சேரும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இந்தக் கூட்டல் ஒரு மேல் வரம்பு, அவ்வளவே.

வாக்கு சதவீதத்தை ஒப்பிடும்போது எல்லாரும் விழும் குழி ஒன்று உண்டு: எத்தனை இடத்தில் நின்றார்கள் என்பதைப் பார்க்காமல் விடுவது. பாஜகவின் 3.66 என்பது 5 தொகுதிகளில் வாங்கியது. 11.24 என்பது தாமரைச் சின்னத்தில் 23 பேர் நின்று வாங்கியது. நின்ற தொகுதிக்கு எவ்வளவு என்று மாற்ற, சதவீதத்தை மாநிலத்தின் மொத்தத் தொகுதிகளால் பெருக்கி, நின்ற தொகுதிகளால் வகுங்கள். 2019-க்கு 3.66-ஐ 38-ஆல் பெருக்கி (வேலூர்த் தேர்தல் அப்போது தள்ளிப்போனது) 5-ஆல் வகுத்தால் சுமார் 28. 2024-க்கு 11.24-ஐ 39-ஆல் பெருக்கி 23-ஆல் வகுத்தால் சுமார் 19. மூன்று மடங்கு வளர்ச்சி என்று மேடையில் சொன்னதும் உண்மை, நின்ற இடத்தில் வாங்கிய பங்கு குறைந்ததும் உண்மை. அதே சமயம் 2019-ன் 28-ல் அப்போது கூட்டணியில் இருந்த அதிமுகவின் வாக்கு கலந்திருந்தது, 2024-ன் 19-ல் அது இல்லை. இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லாதவர் ஏதோ ஒரு பக்கத்துக்காகப் பேசுகிறார். இரட்டை இலைக்கும் இதே சோதனையைப் போடுங்கள்: 2024-ல் அது 34 தொகுதிகளில் நின்றது, முந்தைய முறையைவிட மிக அதிகம். ஆகவே 19.4 என்பது 20.5 ஆனதை வளர்ச்சி என்று சொல்ல முடியாது.

சின்னமும் கணக்கைக் குழப்பும். தேர்தல் ஆணையம் வாக்கைக் கட்சிவாரியாகச் சேர்க்கிறது, கூட்டணிவாரியாக அல்ல. நாமக்கல்லில் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி வேட்பாளர் உதயசூரியனில் நின்றார், அந்த வாக்கு திமுக கணக்கில் ஏறியது. ராமநாதபுரத்தில் ஓ.பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சை. பாஜக அணியின் ஆதரவு இருந்தும் அந்த வாக்கு ‘மற்றவை’யில் கிடக்கிறது. போதாக்குறைக்கு அவர் பெயரிலேயே இன்னும் ஐந்து பேர் அங்கே நின்றார்கள். கூட்டணிக் கூட்டலைக் கையால்தான் போடவேண்டும். ஒரு காகிதத்தில் 39 வரி எழுதி ஒவ்வொன்றுக்கும் யார் எந்த அணி என்று குறித்துக்கொண்டால் அரை மணி நேர வேலை.

இனி படிவம் 20. வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எவ்வளவு என்பதைச் சொல்லும் அதிகாரப்பூர்வத் தாள் இது. தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதி வாரியாக பிடிஎஃப் கோப்பாக இருக்கும். நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுக்கு ஆறு சட்டமன்றப் பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் தனித் தாள். தென் சென்னை என்றால் விருகம்பாக்கம், சைதாப்பேட்டை, தியாகராய நகர், மயிலாப்பூர், வேளச்சேரி, சோழிங்கநல்லூர். இடது ஓரத்தில் சாவடி எண், பிறகு வேட்பாளர்கள், பிறகு செல்லுபடியான வாக்கு, நோட்டா, மொத்தம். வேட்பாளர் முப்பதைத் தாண்டினால் ஒரே சாவடியின் வரி பல பக்கங்களுக்கு நீளும். எக்செல்லில் ஏற்றும்போது வரி தவறிப்போவது இங்கேதான். ஏற்றி முடித்ததும் ஒவ்வொரு வரியிலும் வேட்பாளர் வாக்குகளைக் கூட்டி, தாளில் உள்ள செல்லுபடியான வாக்கோடு சரிபாருங்கள். தபால் வாக்கு எந்தச் சாவடியிலும் சேராது, தனியாகத்தான் வரும். சதவீதம் போடும்போது நோட்டாவைச் சேர்ப்பதா விடுவதா என்பதை முதலிலேயே முடிவு செய்து, இரண்டு ஆண்டுகளுக்கும் ஒரே விதியை வையுங்கள். டெபாசிட் கணக்கில் நோட்டா சேராது. செல்லுபடியான வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் தப்பும்.

எண்ணை மட்டும் வைத்து எதுவும் புரியாது. சாவடிப் பட்டியலையும் பக்கத்தில் திறந்துகொள்ளுங்கள். எந்தப் பள்ளியில் சாவடி, எந்தெந்தத் தெருக்கள் அதில் வாக்களிக்கின்றன என்பது அதில் இருக்கும். மயிலாப்பூர் பகுதியில் மாட வீதிகளின் சாவடிகளும் மீனவர் பகுதியான நொச்சிக்குப்பத்தின் சாவடிகளும் நடந்து போகும் தூரத்தில்தான். சோழிங்கநல்லூரில் ஓ.எம்.ஆர். அடுக்குமாடிகளும் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளும் ஒரே தாளில் அடுத்தடுத்து வரும். பண்பாட்டுப் பிளவு என்று தேடுகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இந்தப் பக்கத்து வரிகளைத்தான். லக்னோவுக்கும் சென்னைக்கும் உள்ள தூரத்தை அளப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இதே முறைதான் ‘அயோத்தி’ கதையையும் திருத்தும். கோயில் குடமுழுக்கு 2024 ஜனவரி 22. பாஜக தோற்ற தொகுதியின் பெயர் பைசாபாத். அதில் தரியாபாத், ருதௌலி, மில்கிபூர், பிகாபூர், அயோத்தி என்று ஐந்து சட்டமன்றப் பகுதிகள். சமாஜ்வாதியின் அவதேஷ் பிரசாத் 54,567 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஆனால் அயோத்தி சட்டமன்றப் பகுதியில் மட்டும் பாஜக சில ஆயிரம் வாக்குகள் முன்னணியில் இருந்தது. நகரம் கைவிட்டதாகச் சொல்வது தவறு, சுற்றியுள்ள கிராமங்கள் கைவிட்டன என்பதே சரி. ஏன்? பொதுத் தொகுதியில் ஒரு தலித் வேட்பாளரை நிறுத்தினார் சமாஜ்வாதித் தலைவர் அகிலேஷ் யாதவ். மாநிலம் முழுக்க யாதவர்களுக்கு ஐந்தே இடம் கொடுத்து மற்ற பிற்படுத்தப்பட்ட சாதிகளுக்கு வழிவிட்டார். பாஜகவுக்கு நானூறு இடம் வந்தால் அரசியல் சட்டத்தை மாற்றுவார்கள், இட ஒதுக்கீடு போகும் என்ற பேச்சு கிராமங்களில் இறங்கியது. மாயாவதியின் பகுஜன் சமாஜ் 19 சதவீதத்திலிருந்து 9-க்குச் சரிந்தது. அதே மில்கிபூரில் 2025 பிப்ரவரி இடைத்தேர்தலில் பாஜக அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றது என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். எட்டு மாதத்தில் ஊரின் பண்பாடு மாறிவிடவில்லை.

சாவடிக் கணக்கில் ஒரு எச்சரிக்கை. ஒரு சாவடியில் இன்ன சாதியினர் அதிகம், அங்கே இன்ன கட்சி அதிகம் வாங்கியது, ஆகவே அந்தச் சாதி அந்தக் கட்சிக்குப் போட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அங்கே எண்ணிக்கையில் குறைந்த மற்றவர்கள் மொத்தமாக ஒரு பக்கம் போட்டிருந்தாலும் அதே எண் வரும். மக்களையே நேரில் கேட்கும் கருத்துக்கணிப்புதான் இதைச் சொல்ல முடியும். இந்தியாவில் அதற்கு லோக்நிதி அமைப்பின் தேர்தலுக்குப் பிந்தைய ஆய்வுகள் உள்ளன.

கடைசியாக, சென்னைவாசிகளைத் திட்டப் பயன்படும் எண்: வாக்குப்பதிவு. 2024-ல் மத்திய சென்னையிலும் தென் சென்னையிலும் சுமார் 54 சதவீதம், வட சென்னையில் சுமார் 60, தருமபுரியில் 81. படித்தவர்கள் சோம்பேறிகள் என்று உடனே தீர்ப்பு வந்தது. வகுத்தலில் கீழே நிற்கும் எண்ணை யாரும் கேட்கவில்லை. வீடு மாறியவர், இறந்தவர், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர் எல்லாரும் பட்டியலில் இருந்தால் சதவீதம் தானாகவே இறங்கும். 2025 டிசம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவு வந்தபோது மாநிலத்தில் சுமார் 97 லட்சம் பெயர்கள் குறைந்தன. சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கு மேல். அதற்கு முன் அங்கே இருந்தது சுமார் 40 லட்சம். நீக்கப்பட்ட அத்தனையும் சரியான நீக்கம் என்று சொல்லவில்லை, தகுதியுள்ளவர்களும் விடுபடுவது இத்தகைய திருத்தத்தின் ஆபத்து. ஆனால் 2024-ன் 54-ஐயும் இனி வரும் தேர்தல்களின் சதவீதத்தையும் பக்கத்தில் வைத்து ‘சென்னை விழித்துக்கொண்டது’ என்று எழுதினால் அது தவறு. சதவீதத்தை விடுங்கள், பதிவான வாக்குகளின் எண்ணிக்கையையே ஒப்பிடுங்கள்.

சாவடிக்கு 1,500 வாக்காளர் என்ற வரம்பை ஆணையம் 2025-ல் 1,200 ஆகக் குறைத்துவிட்டது. பெரிய சாவடிகள் இரண்டாகப் பிரிந்து எண்கள் எல்லாம் நகர்கின்றன. 2024-ன் 112-ஆம் சாவடியும் புதிய பட்டியலின் 112-ஆம் சாவடியும் வேறு வேறு தெருக்களாக இருக்கும். ஒப்பிட நினைப்பவர்கள் சாவடி எண்ணை நம்பாமல் பள்ளியின் பெயரையும் தெருக்களையும் வைத்துப் பொருத்துங்கள். பிரிந்த சாவடிகளை மறுபடி கூட்டி பழைய சாவடியாக்கிய பிறகே கழித்தலைப் போடுங்கள். 2024-ன் படிவம் 20-ஐயும் அந்த ஆண்டின் சாவடிப் பட்டியலையும் இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய பட்டியல்கள் இணையதளத்தில் நீண்ட நாள் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.