தறிக்காரன் ஒருவனின் என்.எஸ்.வி அனுபவம்

ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனை, கத்தியால் கிழிக்காமல் செய்யும் என்.எஸ்.வி முறையில், நான் செய்துகொண்டது 2024 நவம்பரில். விஷயம் தறிக்கூடத்தில் பரவியதிலிருந்து, என்னைத் தனியாக ஓரங்கட்டி "வலிக்குமா, அப்புறம் எல்லாம் பழையபடி இருக்குமா" என்று கேட்கிறவர்கள் நின்றபாடில்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்தோடு மனைவிக்குச் செய்துவிடுவதாகத்தான் பேச்சு. அவளுக்கு ரத்தம் ரொம்பக் குறைவாக இருந்ததால் டாக்டர் தள்ளிப்போட்டார். பிறகு கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி போட்டுப் பார்த்தாள், உதிரப்போக்கு தாங்காமல் எடுத்துவிட்டாள். எங்கள் ஊருக்கு வரும் சுகாதார நர்ஸம்மா எப்போது வந்தாலும் "எப்பம்மா வர்றே?" என்று அவளைத்தான் கேட்பார். நான் பக்கத்திலேயே டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், என் பக்கம் திரும்பக்கூட மாட்டார். ஒரு நாள் நானே "ஆம்பளைகளுக்கும் இருக்குதுங்களா?" என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நிஜமாகத்தான் கேட்கிறேன் என்று தெரிந்ததும், "இருக்குதுங்க, யாரு வர்றாங்க?" என்றார்.

அவர் சொன்னது சும்மா இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் உள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு 58 பேர் போல கருத்தடை ஆபரேஷன் செய்தவர்கள். கணவன் செய்துகொண்டது ஆயிரத்துக்கு ஒன்று. ஆதியில் இப்படி இல்லை. 1950-களில் சென்னை மாகாணத்தில்தான் ஆண்களுக்குக் காசு கொடுத்து இதைச் செய்ய ஆரம்பித்தார்கள். 1971-ல் எர்ணாகுளத்தில் ஒரு மாத முகாமில் மட்டும் ஏறத்தாழ 63,000 ஆண்கள் செய்துகொண்டார்கள். அப்புறம் நெருக்கடி நிலை வந்தது. வாத்தியார் முதல் போலீஸ் வரை இத்தனை பேரைப் பிடித்துவா என்று இலக்கு வைத்து, 1976-77-ல் மட்டும் ஏறத்தாழ 62 லட்சம் ஆண்களுக்குச் செய்தார்கள். வட இந்தியாவில் ஊரையே சுற்றி வளைத்துப் பிடித்த கதையெல்லாம் உண்டு. 1977-ல் இந்திரா காந்தி தோற்றார், அதன் பிறகு வந்த எந்த அரசுக்கும் ஆண்கள் பக்கம் போகத் தைரியம் வரவில்லை, மொத்தச் சுமையும் சத்தம் போடாமல் பெண்கள் தலையில் ஏறிக்கொண்டது. 2014-ல் சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கம் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்து, பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்களே, அதெல்லாம் இந்த வழியில் வந்ததுதான் என்பது என் எண்ணம்.

வீட்டில் அம்மாதான் முதலில் எகிறினார். "ஏஞ்சாமி, பொம்பளைக பண்ணிக்கறத நீ எதுக்குப் பண்ணிக்கோணும்? பாவு தூக்கற ஆளு, தெம்பு போயிருச்சுன்னா?" அத்தைக்கும் அதே பயம், மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று மகளிடம் சொல்லி அனுப்பினார். நர்ஸம்மா வந்து பொறுமையாக விளக்கினார்: விதையை எடுப்பதில்லை, விந்தணு வரும் குழாயை மட்டும் வெட்டிக் கட்டுகிறார்கள், ஆண்மைக்கான ஹார்மோன் ரத்தத்தில் கலந்து போவது, அதற்கும் இந்தக் குழாய்க்கும் சம்பந்தமில்லை. அம்மா கேட்டுக்கொண்டார், ஒத்துக்கொள்ளவில்லை. மனைவியின் சம்மதம் சட்டப்படி வேண்டியதில்லை என்றாலும் நாங்கள் பேசித்தான் முடிவு செய்தோம்.

நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண்களுக்கான இருவார விழா நடத்துவார்கள், அந்தச் சமயத்தில் போனால் பயிற்சி பெற்ற டாக்டர் நிச்சயம் இருப்பார் என்றார்கள். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனேன். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. பிரசவ வார்டு வாசல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள், கர்ப்பிணிகளுக்கு நடுவில் நான் ஒருவன். கொடுத்த ஃபாரம் பெண்களுக்கானது. கடைசி மாதவிடாய் தேதி என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன எழுதுவது என்று கேட்டேன். ஃபாரம் கொடுத்த அம்மா பேனாவால் கோடு போட்டு அடித்துவிட்டு, "ஆம்பளை ஃபாரம் எங்கியோ இருந்துச்சு" என்று பீரோவைத் திறந்து தேடினார், கிடைக்கவில்லை, அடித்த ஃபாரத்திலேயே கையெழுத்து வாங்கினார். இது நிரந்தரம், அபூர்வமாகத் தோற்றும் போகலாம் என்பதைப் படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினார்கள், அதைச் சொல்லியாக வேண்டும்.

ரத்தம், சிறுநீர் பரிசோதனை முடித்து, முடியை வீட்டிலேயே வழித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். அதை முன்கூட்டிச் செய்துவிடுங்கள், அங்கே போய் அவதிப்பட வேண்டாம். பிளேடு வைத்துக் கிழிப்பதில்லை. சீனாவில் லீ ஷுன்சியாங் என்ற டாக்டர் 1974-ல் கொண்டுவந்த முறையாம் இது. மரத்துப்போகும் ஊசி போட்டு, கூர்மையான ஒரு இடுக்கியால் சின்ன ஓட்டை போட்டு, அதன் வழியாகவே இரண்டு பக்கக் குழாயையும் வெளியே இழுத்து வெட்டிக் கட்டிவிடுகிறார்கள். தையல் கிடையாது. ஊசி குத்தும்போது சுருக்கென்றது. குழாயை இழுக்கும்போது அடிவயிறு வரைக்கும் ஒரு இழுவை, வாந்தி வருகிற மாதிரி. வலி என்று சொன்னால் அது ஒன்றுதான். டாக்டர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார், தறி எத்தனை, கூலி எவ்வளவு என்று. கால் மணி நேரம் இருக்கும், முடிந்துவிட்டது. கொஞ்ச நேரம் படுக்க வைத்து அனுப்பினார்கள், மச்சான் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வீடு வந்தேன். இறுக்கமான ஜட்டி ரொம்ப முக்கியம், லூசாகப் போட்டால் கனத்துத் தொங்கி வலிக்கும்.

என் தொழிலுக்குச் சிக்கல் வேறு இடத்தில். ஒரு வாரம் கனமானதைத் தூக்கக் கூடாது, சைக்கிள் மிதிக்கக் கூடாது. தறியில் நின்று அறுந்த நூலை முடிச்சுப் போடுவது வேறு, பாவு பீம், அதாவது நூல் சுற்றிய கனமான உருளையைத் தூக்கி ஏற்றுவது வேறு. ஓனரிடம் குடலிறக்கம் என்று சொல்லி லீவு போடச் சொன்னார்கள் சிலர், நான் உள்ளதையே சொல்லிவிட்டேன். அரசு கொடுத்த 1,100 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. மத்திய அரசு 2007-ல் வைத்த தொகை அது. அன்றாடம் கூலி வாங்குகிறவனுக்கு அந்த ஒரு வாரத்துக்கு இது காணாது. ஆண்கள் வருவதில்லை என்று அங்கலாய்ப்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும், விழிப்புணர்வு பேரணி எல்லாம் அப்புறம்.

கேலிக்கும் குறைவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் முதல்வர் ஸ்டாலின், ஜனத்தொகை குறைந்ததால் நாடாளுமன்றத் தொகுதி குறையும் நிலை வந்தால் பதினாறு பிள்ளை பெற்றால் என்ன என்று ஒரு கல்யாண மேடையில் பேசியிருந்தார். ஆந்திராவில் இரண்டு பிள்ளைக்கு மேல் இருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது என்ற சட்டத்தையே அந்த நவம்பரில் எடுத்துவிட்டார்கள். "ஊரே பெத்துக்கச் சொல்லுது, நீ போயி அடைச்சிட்டு வந்திருக்கற" என்று டீக்கடையில் ஒரே சிரிப்பு. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை என்ற அளவுக்கு எப்போதோ வந்தாகிவிட்டது, ஜனத்தொகையைக் குறைக்க நான் இதைச் செய்யவில்லை. என் வீட்டில் இரண்டு போதும், அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று, பலரும் விடுவது இதைத்தான். ஆபரேஷன் முடிந்த அன்றே எல்லாம் நின்றுவிடாது, குழாயில் ஏற்கனவே இருப்பது வெளியேற வேண்டும், மூன்று மாதம் ஆணுறை போட்டே ஆகவேண்டும். அப்புறம் விந்துப் பரிசோதனை. லேபில் சின்ன டப்பாவைக் கொடுத்து அந்தக் கழிவறைக்குப் போங்கள் என்றார்கள், தாழ்ப்பாள் கிடையாது, பக்கெட்டை முட்டுக்கொடுத்து வைத்தேன். விந்தணு இல்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகுதான் சான்றிதழ் தருவார்கள், கேட்டு வாங்குங்கள், அவர்களாகக் கூப்பிட்டுத் தரமாட்டார்கள். பின்னால் தப்பித் தவறிக் கரு உண்டானால் அரசிடம் இழப்பீடு கேட்க அந்தக் காகிதம் வேண்டும்.