ரெண்டு காரும் ஒரே தண்ணியில

"நேத்து க்ளெய்ம் போட்டவருக்கு 10 நாள், இன்னைக்குப் போட்டவருக்கு 30 நாளா சார்? ரெண்டு பேர் காரும் ஒரே தண்ணியிலதானே நின்னுச்சு?"

மொரிஷியஸின் எபேனில் நான் எடுத்த கமுண்டா 7 பயிற்சியில் ஒரு பையன் கேட்டது இது. ஒரு வேலையின் படிகளை வரைபடமாக வரைந்து கொடுத்தால் அதன்படி ஓட்டுகிற மென்பொருள்தான் கமுண்டா. வகுப்பு ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்துதான் ஓடும். இவன் மட்டும் பாட்டியிடம் கற்ற தமிழை என்னிடம் விடாமல் பேசுவான்.

பயிற்சிக் கணக்கை நானே யோசித்து வைத்திருந்தேன். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்து போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்ததை மொரிஷியஸில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கார் காப்பீட்டு க்ளெய்ம் ஒன்று பதிவாகிறது, ஆவணங்களுக்காகக் காத்திருக்கிறது, 10 நாளில் வராவிட்டால் தானாக மூடிக்கொள்கிறது. பாதி வழியில் நிறுவனம் மனமிரங்கி 30 நாள் ஆக்குகிறது. மாணவர்கள் வரைபடத்தை மாற்றிப் புதிய பதிப்பை ஏற்றுவார்கள். புது க்ளெய்ம்களுக்கு 30 நாள் கிடைக்கும், ஏற்கெனவே காத்திருப்பவை 10 நாளிலேயே நிற்கும். அப்போது எல்லார் முகத்திலும் வருகிற குழப்பத்தைப் பார்க்கத்தான் இப்படி அமைத்தேன்.

வெப் அப்ளிகேஷன் எழுதிப் பழகியவர்களுக்கு இந்த இடம் இடிக்கும். கேள்வி வந்தது, பதில் போனது, ஒரு நொடியில் எல்லாம் முடிந்தது என்றே அவர்கள் கை பழகியிருக்கும். இங்கே ப்ரோசஸ் காத்திருக்கும் இடத்துக்கு வந்ததும் கமுண்டாவின் இன்ஜின் அதன் நிலையை டேட்டாபேஸில் எழுதிவிட்டு விலகிவிடும். டைமரின் கெடு தேதியும் அந்த நிமிடமே கணக்காகி ஒரு வரியாக உட்கார்ந்துவிடும். சர்வரை மூன்று நாள் அணைத்து வைத்தாலும் அந்த வரி அங்கேயே இருக்கும். நாம் படத்தை மாற்றினால் அதற்கு என்ன தெரியும்?

மதியம் எல்லாரும் தால் பூரி வாங்கப் போனபோது அவன் போகவில்லை. டைமர் வரிகள் இருக்கும் ஜாப் டேபிளை டேட்டாபேஸில் நேராகத் திறந்து, கெடு தேதி நெடுவரிசையில் ஒரே ஒரு அப்டேட். பழைய க்ளெய்ம்கள் எல்லாவற்றுக்கும் 30 நாள் ஆகிவிட்டது. வேலையும் செய்தது.

இன்ஜினைத் தாண்டி அதன் டேபிளில் கை வைக்கக் கூடாது என்றேன். கெடு வந்த டைமர்களை எடுத்து ஓட்டுகிற ஜாப் எக்ஸிகியூட்டர் அதே வரியை அந்த நேரம் எடுத்துக்கொண்டிருக்கலாம், யார் ஏன் மாற்றினார்கள் என்று தணிக்கையில் தடயமே இருக்காது. முறையாகச் செய்ய, இன்ஜினிடம் வேலை சொல்லும் வழியான ஏபிஐ-யில் கெடு தேதியை மாற்றும் அழைப்பு இருக்கிறது. இல்லையென்றால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் க்ளெய்ம்களை, அதாவது பழைய இன்ஸ்டன்ஸ்களை, புதிய பதிப்புக்கு மாற்றலாம்; மைக்ரேட் பண்ணுவது என்பார்கள். அதிலும் டைமரைத் திரும்பக் கணக்கிட, ஈவன்ட் ட்ரிகரைப் புதுப்பிக்கச் சொல்லாவிட்டால் பழைய தேதியே கூட வரும். "இதெல்லாம் நாளைக்கு வருது" என்று முடித்தேன்.

"நீங்க நாளைக்குச் சொல்லித் தருவீங்க சார். பழைய க்ளெய்ம்காரரோட 10 நாள் இன்னைக்கே முடியுதே?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைவு.

அது வெறும் வாய்ச்சாலகம். பயிற்சி டேட்டாபேஸில் யாருடைய கெடுவும் முடியப்போவதில்லை. இப்படிச் சொல்லிக்கொண்டு சில நாள் நிம்மதியாகவே இருந்தேன். ஆனால் வெறும் வாய்ச்சாலகக்காரன் இன்னொன்றையும் கவனித்திருக்க மாட்டான். 10 நாளுக்கு 'பி10டி' (P10D) என்று டைமரில் எழுதினால் இன்ஜின் காலண்டர் நாட்களைத்தான் எண்ணும். மூன்றாம் எண் புயல் எச்சரிக்கை விழுந்து அலுவலகம் எல்லாம் மூடிக் கிடக்கும் நாளும் அதில் சேரும், அந்த வருடம் ஜனவரி 25-இல் வந்த தைப்பூசக் காவடி விடுமுறையும் சேரும். வகுப்பில் அதை எண்ணிப் பார்த்துச் சொன்னவன் அவன் ஒருவன்தான். கணக்கைப் போட்ட நானே எண்ணவில்லை.

பயிற்சி முடிந்ததும் மேலாளர் கேட்டார், யாரை நேராக ப்ரொடக்‌ஷன் டீமில் போடலாம் என்று. அவன் பெயருக்கு எதிரே "இன்னும் கொஞ்ச நாள் மேற்பார்வையில்" என்று எழுதினேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் எழுதுவேன். லைவ் டேட்டாபேஸில் அந்தக் கை ஒரு நாள், எந்த வரிகளை மட்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லும் வேர் கிளாஸை (WHERE) மறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம், அவன் கேட்டதைக் கேட்காத நான்கு பேருக்கு "தயார்" என்று எழுதினேனே, அது எந்தக் கணக்கு? அவர்கள் எதையும் உடைக்க மாட்டார்கள், அதனால்தான். அந்த 10 நாள்காரரின் க்ளெய்ம் மூடிப்போனாலும் சிஸ்டம் ஒழுங்காக ஓடியது என்றே ரிப்போர்ட் வரும்.

ரிக்வயர்மென்டில் இல்லாததைப் புரோகிராமர் தீர்மானிக்கக் கூடாது என்பது என் கட்சி. பழைய க்ளெய்முக்கு எந்த விதி என்பதை பிசினஸ்தான் சொல்ல வேண்டும். ஆனால் யாராவது போய்க் கேட்டால்தானே அவர்கள் சொல்வார்கள்?

அடுத்த பேட்சுக்குப் பாட வரிசையை மாற்றினேன். மைக்ரேஷன் முதலில், க்ளெய்ம் பயிற்சி அதற்கப்புறம். எல்லாரும் முறையாக ட்ரிகரைப் புதுப்பித்தார்கள், டேபிளை யாரும் தொடவில்லை, பயிற்சி சீக்கிரமே முடிந்தது. பழையவர்களுக்கும் 30 நாள் கொடுக்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. பட்டன் இருந்தது, அழுத்தினார்கள். பழைய வரிசைக்கே திரும்பலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.