இத எங்கயோ பாத்தேனே

எங்க டீம்ல எந்த சந்தேகம்னாலும் சேட்ல தான் கேப்போம், யாராவது பதில் போடுவாங்க, ரெண்டே நாள்ல அது மேல போய் புதைஞ்சிடும். மூணு மாசம் கழிச்சு புதுசா சேர்ந்தவர் அதையே கேப்பார், "இத எங்கயோ பாத்தேனே"ன்னு நாலு பேர் ஸ்க்ரோல் பண்ணிட்டு உக்காந்திருப்போம்.

அப்புறம்தான் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஃபார் டீம்ஸ் பக்கம் போனோம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோன்னா ப்ரோக்ராம் எழுதுறவங்க கேள்வி கேட்டு பதில் போடுற வெப்சைட். பொதுவுல இருக்கிறது 2008ல வந்தது, கம்பெனி ஆளுங்க மட்டும் பாக்குற மாதிரி இத 2018ல விட்டாங்க. அதே ஓட்டு, டேக், சரியா வந்த பதிலுக்கு கேட்டவர் போடுற பச்சை டிக் எல்லாம் இதுலயும் உண்டு.

முதல் ரெண்டு வாரம் ஈயாடுச்சு. காலியா இருக்குற இடத்துல யார் போய் கேப்பா? அதனால நானே கேள்வி போட்டு நானே பதிலும் போட்டேன் (அதுக்கு தனி ஆப்ஷனே இருக்கு). "டெஸ்ட் சர்வர்ல லாகின் பண்ணா 403 வருது"ன்னு ஒண்ணு (403ன்னா உள்ள போக அனுமதி இல்லங்கிற எரர்), பதில் ரெண்டே வரி, பர்மிஷன் க்ரூப்ல பேர் இல்லன்னா அப்படித்தான் வரும், யார்கிட்ட கேக்கணும்னும் எழுதிட்டேன். அதுக்கப்புறம் யார் கேட்டாலும் லிங்க் மட்டும் தான், திரும்ப டைப் பண்றதில்ல.

நடுவுல ஓட்டுக்கு கிடைக்கிற பாயிண்ட்ஸ எண்ணி டார்கெட் வச்சாங்க பாருங்க, ஒரே வாரத்துல உப்புசப்பில்லாத கேள்வியா குவிஞ்சுது, நல்லவேளை அந்த டார்கெட்ட தூக்கிட்டாங்க. பழைய பதில் தான் இன்னும் தலைவலி, செட்டப் மாறினா யாராவது எடிட் பண்ணணும், பண்றது ரெண்டு பேர் தான், அதுல ஒருத்தன் நான்.