பத்தாம் பாட்டு

கடந்த மார்கழியில் ஒரு திங்கட்கிழமை, பன்னிரண்டு வயதுப் பேத்தியை அழைத்துக்கொண்டு திருவேடகம் சென்றேன். மதுரைக்கு வடமேற்கே, சோழவந்தானுக்கு அருகில், வைகைக் கரையில் இருக்கும் பாடல் பெற்ற தலம் அது. இறைவன் ஏடகநாதர், அம்மை ஏலவார்குழலி. ஞானசம்பந்தப் பெருமான் வைகையில் இட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்து மேலேறிச் சென்று தங்கிய இடம் என்பதால் ஊருக்கே அந்தப் பெயர் அமைந்தது. நான் தேவாரம் ஓதும் குடும்பத்தில் பிறந்தவன். ஞாயிறுதோறும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் திருமுறை சொல்லிக் கொடுத்து வருகிறேன். முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இந்தத் தலத்துக்குப் பலமுறை வந்திருந்தாலும், பேத்தியோடு சேர்ந்து சந்நிதியில் பாட வேண்டும் என்ற ஆசை அன்றுதான் நிறைவேறியது.

'வன்னியும் மத்தமும் மதிபொதி சடையினன்' என்று தொடங்கும் பதிகத்தை இருவரும் பாடினோம். குழந்தையின் குரல் கருங்கல் மண்டபத்தில் பட்டுத் திரும்பி வந்தபோது எனக்குக் கண் நிறைந்தது. திருநீறு பெற்றுக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்து உட்கார்ந்தோம். மணல் திட்டுகளுக்கும் நாணலுக்கும் இடையே ஒரு பக்கமாக மட்டும் நீர் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவள் கேட்டாள்: "தாத்தா, சம்பந்தர் பாட்டு எல்லாத்துலயும் பத்தாவது பாட்டுல மட்டும் ஏன் யாரையோ திட்டிக்கிட்டே இருக்கார்?"

திருமுறை ஓதுபவர்களுக்கு இந்த அமைப்பு நன்றாகத் தெரியும். சம்பந்தரின் பதிகங்கள் பெரும்பாலானவற்றில் எட்டாம் பாட்டு கயிலையைப் பெயர்க்க முயன்று விரலடியில் நசுங்கிய இராவணனைப் பாடும். ஒன்பதாம் பாட்டு, அடியைத் தேடிப் பன்றியாய் நிலத்தை அகழ்ந்த திருமாலும் முடியைத் தேடி அன்னமாய்ப் பறந்த பிரமனும் காணமுடியாமல் திகைத்ததைப் பாடும். பத்தாம் பாட்டு சமணரையும், சாக்கியர் எனப்படும் பௌத்தரையும் கடிந்து பேசும். பதினோராம் பாட்டு, பதிகத்தை ஓதுவதன் பலன் கூறி முடிக்கும் திருக்கடைக்காப்பு. இந்த வரிசையை நான் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் பத்தாம் பாட்டைப் பற்றி எவரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அவளுக்குக் கதையைச் சொன்னேன். கூன்பாண்டியன் சமணம் சார்ந்திருந்தது, அரசி மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் சம்பந்தரை மதுரைக்கு அழைத்தது, 'மந்திரமாவது நீறு' பாடி அரசனின் வெப்புநோயைத் தீர்த்தது, இரு தரப்பும் ஏடுகளை நெருப்பில் இட்ட அனல் வாதம், ஆற்றில் இட்ட புனல் வாதம் என ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தவன், தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறியதாகப் புராணம் கூறும் இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். ஏனென்றால், கழு என்றால் என்ன என்று அவள் அடுத்துக் கேட்பாள் என்பது எனக்குத் தெரியும். சிறுவயதில் மீனாட்சியம்மன் கோயில் பொற்றாமரைக் குளத்துச் சுவரில் அந்தக் காட்சி ஓவியமாகத் தீட்டப்பட்டிருந்ததை என் தந்தை எனக்குச் சுட்டிக்காட்டியிருக்கிறார். கூரிய மரத்தில் செருகப்பட்ட மனித உடல்களைப் பார்த்து நான் அஞ்சவில்லை. நம் சமயம் வென்றது என்று மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியைப் பக்தி என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

இங்கே ஒரு பழைய நிகழ்ச்சியை மறைக்காமல் எழுத வேண்டும். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் சுமார் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு வந்தவாசிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி ஒருவர் வந்தார். நயினார் என்ற பட்டப்பெயர் கொண்ட தமிழ்ச் சமணர். அவர் யார் என்று தெரிந்ததும், "நீங்கள் வடக்கே எந்த ஊர்?" என்று கேட்டேன். "எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலும் வீட்டில் தமிழ்தான் பேசினார்கள்" என்றார். ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாட்களில் எல்லோரும் இரவு வரை இருப்போம். அவர் மட்டும் பொழுது சாயுமுன் தனியே அமர்ந்து உணவை முடித்துக்கொள்வார். அந்தி சாய்ந்தால் சோறு செரிக்காதோ என்று நான் அவரைப் பலர் முன்னிலையில் கேலி செய்திருக்கிறேன். இருட்டில் உண்டால் சிற்றுயிர்கள் மடியும் என்பதற்காகப் பல நூற்றாண்டுகளாகக் காத்துவந்த நோன்பு அது என்று எனக்கு அன்று தெரியாது. தெரிந்துகொள்ள ஆர்வமும் இருந்ததில்லை. ஒருநாள் தேநீர் வேளையில் சம்பந்தர் குருபூசையைப் பற்றிய பேச்சு எழுந்தபோது, அவர் பக்கத்தில் இருக்கிறார் என்பதை அறிந்தே, கழுவேற்றக் கதையைச் சுவையாக விரித்துரைத்தேன். மற்றவர்கள் எழுந்து போன பிறகு அவர் மெல்லச் சொன்னார்: "எங்கள் ஊரில் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல மாட்டோம், ஐயா. ராத்திரி பயப்படுவார்கள்." வேறொன்றும் சொல்லவில்லை. அன்று எனக்கு உறைக்கவும் இல்லை.

வைகைக் கரையில் பேத்தியின் முகத்தைப் பார்த்தபோது அந்தச் சொற்கள் அப்படியே திரும்பி வந்தன.

அவளிடம் வேறொரு கதையைச் சொன்னேன். அவள் பள்ளியில் 'கல்வி கரையில கற்பவர் நாள்சில' என்ற நாலடியார் பாட்டைப் படித்திருக்கிறாள். அந்த நாலடியாருக்கும் ஒரு தோற்றக் கதை உண்டு. பஞ்சத்தால் பாண்டிய நாட்டில் அடைக்கலம் புகுந்த சமண முனிவர் எண்ணாயிரவர், பஞ்சம் தீர்ந்து ஊர் திரும்பும்போது ஆளுக்கொரு வெண்பா எழுதி வைத்துவிட்டுப் போனார்களாம். பாண்டியன் அவற்றை வைகையில் எறியச் சொல்ல, 400 ஏடுகள் மட்டும் வெள்ளத்தை எதிர்த்து வந்து கரை சேர்ந்தனவாம். அதே வைகை, அதே பாண்டிய நாடு, நீரோட்டத்துக்கு எதிரே ஏறும் அதே பனையோலை, அதே எண்ணாயிரம். "அப்ப ரெண்டு பேரோட ஏடும் எதிர்த்துப் போச்சா?" என்றாள். அறுபத்து மூன்று வயதில் நான் முதன்முறையாக இவ்விரண்டு கதைகளையும் அடுத்தடுத்துச் சொன்னேன். இரண்டும் எனக்குச் சிறுவயது முதலே தெரியும். ஒன்றைச் சமயம் என்றும் மற்றொன்றைத் தமிழ்ப் பாடம் என்றும் மனத்தின் வெவ்வேறு அறைகளில் பூட்டி வைத்திருந்தேன். நாலடியார் எழுதியவர்களும் சமணர், நான் மாணவனாக இருந்தபோது மனப்பாடம் செய்த நன்னூலை இயற்றிய பவணந்தியாரும் சமணர் என்பதைத் தேர்வுக்காக அறிந்திருந்தும், பத்தாம் பாட்டைப் பாடும்போது அவர்களில் ஒருவர் முகமும் என் நினைவுக்கு வந்ததில்லை.

வீடு திரும்பும் எண்ணத்தை விட்டு, அங்கிருந்து நேரே கீழக்குயில்குடிக்கு வண்டியை விடச் சொன்னேன். மதுரைக்கு மேற்கே, தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டைக்கு அருகில் இருக்கிறது அந்த ஊர். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் அங்கே போனதில்லை. அதன் குன்றுக்குச் சமணர் மலை என்று பெயர். அந்தப் பெயரே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மலையின் தென்மேற்குப் பக்கத்தில் செட்டிப்புடவு என்னும் குகை இருக்கிறது. புடவு என்றால் குகை. வெளியே பாறையில் பெரிய உருவில், சமணர் வணங்கும் அருகரான தீர்த்தங்கரர் ஒருவர் அமர்ந்த கோலத்தில் செதுக்கப்பட்டிருக்கிறார். நீண்டு தொங்கும் காதுகளைக் கண்ட ஊர்மக்கள் அவரைச் செட்டியார் என்று கருதியதால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். உள்ளே குனிந்து சென்றால், மேற்பாறையின் வளைவில் முக்குடைக் கீழ் அமர்ந்த தீர்த்தங்கரர் மூவரும், சிங்கத்தின் மீதேறி யானைமேல் வருபவனோடு போர்புரியும் இயக்கி என்னும் சமணப் பெண் தெய்வம் ஒருத்தியும் தெரிகிறார்கள். அம்மையின் வீரத்தைப் பார்த்துப் பேத்தி, "இது நம்ம துர்க்கை மாதிரியே இருக்கு தாத்தா" என்றாள்.

வெளியே வந்தபோது ஆடு மேய்க்கும் முதிய அம்மா ஒருவர், செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பெரிய திருமேனியின் முன் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். இவர் யார் என்று தெரியுமா என்று கேட்டேன். என் கேள்வியில், விளக்கம் சொல்லக் காத்திருப்பவனின் தோரணை இருந்ததை இப்போது உணர்கிறேன். அவர் சொன்னார்: "செட்டியாருன்னுவாக, சாமியாருன்னுவாக. எனக்கென்ன சாமி தெரியும். கண்ண மூடி உக்காந்திருக்காக. சத்தங் காட்டாமக் கும்பிட்டுட்டுப் போயிருவேன்."

சொல்ல வைத்திருந்த விளக்கம் என் வாயிலேயே நின்றுவிட்டது. அறியாமையே காழ்ப்புக்குத் தாய் என்று நான் மேடைகளில் பேசியிருக்கிறேன். இந்த அம்மாவுக்கு அந்தத் திருவுருவத்தின் பெயர் தெரியாது, சமயம் தெரியாது, காலம் தெரியாது. ஆனாலும் அவர் மனத்தில் அவமதிப்பு என்பது துளியும் இல்லை. எனக்குப் பெயரும் தெரியும், வரலாறும் ஓரளவு தெரியும். காழ்ப்பு அந்தப் படிப்பின் வழியாகவே என்னுள் வந்து குடியேறியிருந்தது. மதுரைக்கு இது புதிதும் அன்று. 1939ஆம் ஆண்டு ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட தோழர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழையும் வரை, தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் கோபுரத்தை வெளியிலிருந்தே கும்பிட்டார்கள். அவர்கள் நுழைந்ததும் கோயில் தீட்டுப்பட்டது என்று பூசை செய்ய மறுத்தவர்களில் எழுத்தறியாதவர்கள் இல்லை; ஆகமம் கற்றவர்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் கதவு திறக்கும்வரை நுழையேன் என்றிருந்த காந்தியடிகள், 1946இல்தான் அம்மனைத் தரிசித்தார். அந்த வரலாற்றை நினைத்து அன்று மறுத்தவர்களைக் குறை கூறுவது எனக்கு எப்போதும் எளிதாக இருந்தது. அவர்களுக்கும் எனக்கும் உள்ள உறவு கீழக்குயில்குடியில்தான் தெரிந்தது.

மலையைச் சுற்றி வந்து, தாமரைக் குளத்தையும் ஆலமரங்களையும் ஒட்டிய ஐயனார் கோயிலில் வணங்கிவிட்டு, பாறையில் வெட்டிய படிகள் வழியாகப் பேச்சிப்பள்ளத்துக்கு ஏறினோம். என் முழங்கால் வலிக்காகப் பேத்தி இரண்டு இடங்களில் காத்திருந்தாள். மேலே வற்றாத சுனை ஒன்று. அதன் அருகே பாறையில் வரிசையாக எட்டுத் திருமேனிகள். அவற்றின் கீழ், தமிழின் பழைய எழுத்து வடிவமான வட்டெழுத்தில் கல்வெட்டுகள். தமிழை வாழ்நாள் முழுதும் ஓதியவன் என்று பெருமை கொண்டிருந்த என்னால் அந்தத் தமிழில் ஓர் எழுத்தைக்கூட வாசிக்க முடியவில்லை. அறிஞர்கள் படித்து வெளியிட்ட வாசகம் ஒன்றைப் பேத்தி கைபேசியில் தேடியெடுத்து உரக்கப் படித்தாள்: "ஸ்ரீ அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி."

ஒரு துறவியின் தாய். மகன் வீட்டைத் துறந்து போன பிறகு, பாறையில் ஒரு திருவுருவம் செய்து வைத்தவர். திருமேனி என்ற சொல்லை நான் சிவபெருமானுக்கே உரியதென்று நினைத்திருந்தேன். குணமதியாரும் அதே சொல்லால்தான் தம் இறைவனை அழைத்திருக்கிறார். இந்தச் சிற்பங்களும் எழுத்துகளும் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. சம்பந்தரின் காலம் ஏழாம் நூற்றாண்டு. எண்ணாயிரவரும் கழுவில் முடிந்தார்கள் என்று நான் கொண்டாடிய காலத்துக்கு இரண்டு மூன்று நூற்றாண்டுகள் கழித்தும், மதுரையின் கண்ணெதிரே, பாண்டியர் ஆட்சியில், சமணப் பள்ளிகள் இருந்திருக்கின்றன; தாய்மார் தானம் செய்திருக்கிறார்கள். சம்பந்தர் தம் பாடல்களில் கழுவேற்றத்தைப் பாடவில்லை. அது விரிவாகப் பேசப்படுவது பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழாரின் புராணத்தில். நடந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நடந்திருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன் என்பது மட்டும் எனக்கு ஐயமின்றித் தெரியும். நான் வருந்துவதும் அதற்காகவே.

அந்த வரிசையில் கொடிகள் படர அசையாமல் நிற்பவர் பாகுபலி. அண்ணன் பரதனை வென்றும் நாட்டைத் துறந்து, ஓராண்டு நின்ற நிலையில் தவமிருந்தும் அவருக்கு ஞானம் கூடவில்லை என்று சமண நூல்கள் சில கூறும். தமக்கு முன்பே துறவு பூண்ட தம்பியரை வணங்க வேண்டியிருக்குமே என்ற எண்ணம் உள்ளே இருந்ததாம். சகோதரியர் பிராமியும் சுந்தரியும் வந்து, "யானையை விட்டு இறங்குங்கள்" என்றார்களாம். எந்த யானை என்று யோசித்தவருக்குத் தம் செருக்கே அது என்று விளங்க, தம்பியரை வணங்கப் புறப்பட்டுக் காலை எடுத்த கணத்தில் ஞானம் வந்தது. இதைப் பேத்திக்குச் சொல்லும்போது, வாழ்நாளெல்லாம் நான் பாடிய ஒன்பதாம் பாட்டு நினைவுக்கு வந்தது. பன்றியும் அன்னமுமாகத் தேடியவர்கள் நான் பெரியவன், நீ பெரியவன் என்று வாதிட்டதால்தான் சோதியின் அடியும் முடியும் காணாமல் போனார்கள். அந்தப் பாட்டை அவர்களைப் பற்றியதாகவே எப்போதும் பாடிவிட்டு, அடுத்த பாட்டுக்குக் குரலை உயர்த்திக்கொண்டு போயிருக்கிறேன்.

திருமுறையில் ஒரு சொல்லையும் நீக்க எனக்கு உரிமை இல்லை; நீக்கவும் மாட்டேன். வாதம் கொதித்த ஒரு காலத்தின் சூடு அதில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு இனி எடுத்துச் சொல்வேன். வைகையில் ஏடிட்டபோது சம்பந்தர் பாடிய திருப்பாசுரமும் 'வையகமும் துயர் தீர்கவே' என்று உலகம் முழுவதற்கும்தான் வேண்டுகிறது. சுனைக்கரையில் அமர்ந்து அந்த ஒரு பாட்டை மட்டும், பெரிய குரல் எடுக்காமல், இருவரும் பாடினோம்.

கீழே இறங்கியதும், பணி ஓய்வு பெற்றுத் தம் ஊருக்குத் திரும்பிவிட்ட அந்த நண்பரின் எண்ணைப் பழைய அலுவலகத் தோழர் ஒருவரிடம் கேட்டு வாங்கி அழைத்தேன். குரலை உடனே அடையாளம் கண்டுகொண்டார். கீழக்குயில்குடியில் இருக்கிறேன் என்றேன். அன்று தேநீர் வேளையில் பேசியதற்கும், அதற்கு முன்பும் பின்பும் பேசியவற்றுக்கும் மன்னிக்க வேண்டும் என்றேன். சிறிது நேரம் மறுமுனையில் சத்தம் இல்லை. மதுரையில் இருந்த ஐந்தாண்டுகளும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேருந்தில் ஏறித் தனியாக அந்த மலைக்கு வந்துபோனதாகச் சொன்னார். பக்கத்து இருக்கையில் இருந்த எனக்கு அது தெரியாது.

"பேச்சிப்பள்ளத்துச் சுனையில் தண்ணீர் இருக்கிறதா, ஐயா?" என்று கேட்டார்.

"இருக்கிறது" என்றேன்.